புவனாவிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

ஜூன் 1, திங்கள்

வெயில். மழை வருவதுபோல் போக்குக் காட்டிவிட்டுப் போய்விட்டது. செபராங் ஜெயா ஆபீசில் ஏர்கோன் மறுபடியும் பழுது. தந்தையர் தினத்துக்கு முகநூலில் போட ஏதாவது எழுதச் சொன்னார் முதலாளி. லோரி கம்பெனிக்குத் தந்தையர் தினம் எதற்கு? கேட்கவில்லை. மலாயில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று எழுதிக் கொடுத்தேன். ஓட்டுநர்களில் பாதிப் பேர் நம் ஆட்கள். தமிழில் வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

மாலை ஃபெரியில் அக்கரைத் தீவுக்கு. வகுப்பு. முப்பத்தேழு வயதில் முதுகலை, நிறுவனத் தொடர்பும் மக்கள் தொடர்பும். "மக என்ன படிக்குது?" என்று யாராவது கேட்டால் அம்மா "பேசுற படிப்பு" என்கிறாள். அதோடு விடுவாளா? "அதுக்குக் காசு கட்டணுமா, இவ சும்மாவே பேசுவா லா" என்று சேர்த்துக்கொள்வாள்.

எங்கள் விரிவுரையாளர் டாக்டர் ஜைத்தோன் இன்று இந்தப் பருவத்தின் பெரிய வேலையைக் கொடுத்தார். துறையில் பேர் வாங்கிய ஒருவரை நேரில் போய்ப் பேட்டி காண வேண்டும். யாரை என்று அவரே முடிவுசெய்துவிட்டார். உங்கள் இஷ்டத்துக்கு விட்டால் ஆளுக்கொரு மாமாவைப் பேட்டி எடுத்து வருவீர்கள் என்றார். சிரிப்பு. எனக்கு வந்த பெயர்: புவனேஸ்வரி, தொடர்புத் துறைத் தலைவர், பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலை.

வேறு யாரோ ஒரு புவனேஸ்வரியாக இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். இணையத்தில் படத்தைத் தேடினேன். அவளேதான். முடியைக் குட்டையாக வெட்டியிருக்கிறாள். காது மட்டும் அதே விடைத்த காது.

பக்கத்தில் காதர். வகுப்பில் என்னைத் தவிர இருக்கும் ஒரே தமிழ் ஆள். மாமாவின் நாசி கண்டார் சோற்றுக் கடைக்கு விளம்பரம் பார்த்துக்கொண்டே படிக்கிறான்.

"என்னக்கா, பேயடிச்ச மாதிரி உக்காந்திருக்கீங்க? தெரிஞ்ச ஆளா?"

"தெரியும்."

"அப்ப உங்களுக்குக் கஷ்டமே இல்ல லா!"

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லவில்லை. புளிக்குழம்பு. இரண்டு வாய்தான் இறங்கியது.

ஜூன் 2, செவ்வாய்

தலைவலி. அரைநாள் லீவு போட்டுப் படுத்திருந்தேன். தூக்கம் வரவில்லை. ஒரு தரம் வரிசையாக எழுதிவிட்டால் நெஞ்சு அடங்குமோ என்னவோ.

பு.வும் நானும் (முழுப் பெயர் எழுதக் கை வரவில்லை, பு. போதும்) இளங்கலை ஒன்றாகப் படித்தோம். ஜார்ஜ்டவுனில் ஒரு சந்து, தையல் மெஷின் கடை, அதற்கு மேல் மாடியில் ஒரே அறை. அவள் சுங்கை பாக்காப்பிலிருந்து வந்தவள். அவளுடைய அப்பா, அவள் பால்பல் விழுமுன்பே வேறு குடும்பம் பார்த்துக்கொண்டு போய்விட்டவர். முதல் மாதத்திலேயே என் அப்பாவை "அப்பா" என்று கூப்பிட ஆரம்பித்தாள். அங்கிள் இல்லை, மாமா இல்லை. அப்பா. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அப்பாவுக்குப் பழைய ஃபெரியில் வேலை. கரை தொட்டதும் இரும்புத் தட்டு இறங்கும், அங்கே நின்று கையசைத்துக் கார், லோரி என்று காடிகளை ஒவ்வொன்றாக வெளியே அனுப்புவார். ஞாயிற்றுக்கிழமை அவர் வேலை முடியும் நேரத்துக்கு நாங்கள் போய் மேல்தட்டில் உட்கார்ந்துகொள்வோம். இப்போது ஓடுகிற ஃபெரி மாதிரி அடைத்த கண்ணாடி, குளிர்ச்சாதனம் எல்லாம் கிடையாது. காற்று முகத்தில் அறையும். டீசல், உப்பு, யாரோ உரிக்கும் ஆரஞ்சு. அந்த வாசனை மொத்தமாக வேண்டும்போல் இருக்கிறது இப்போது.

பு.வுக்கு அப்போது மேடை என்றால் உதறல். கூட்டத்தைப் பார்த்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இரண்டாம் ஆண்டில் மாதிரிச் செய்தியாளர் கூட்டம் ஒன்று தேர்வாக வந்தது. அழுதுகொண்டே இருந்தாள். அப்பா என்ன செய்தார் தெரியுமா? ஃபெரியில் தின்று முடித்த சோளத்தண்டை மைக்காக நீட்டினார்.

"மாண்புமிகு அமைச்சர் அவர்களே, பெரிய மீன் ஒண்ணு டிக்கெட் எடுக்காம ஃபெரியில ஏறிடுச்சாமே? அரசாங்கம் என்ன செய்யப் போவுது?"

சிரிக்காமல் பதில் சொல்ல வேண்டும். சிரித்தால் தோற்றாள். எழுந்து நின்று, குரலைக் கனமாக்கி, "அந்த மீன் தொடர்பாக விசாரணைக் குழு அமைக்கப்பட்டுள்ளது. மீனின் குடும்பத்தாருக்குத் தகவல் சொல்லியாகிவிட்டது" என்றாள். பயணிகள் கைதட்டினார்கள். ஒரு சீனத் தாத்தாவும் தட்டினார், அவருக்கு என்ன புரிந்ததோ. அன்றிலிருந்து ஞாயிறுதோறும் அமைச்சர், நிருபர். வெங்காய விலை, காக்காய் பிரச்சினை, அம்மா ஏன் தோசையைக் கருக்கினாள் என்பது பற்றிய அவசர அறிக்கை.

இனி எழுத வேண்டியதை எழுதுகிறேன். ஐந்து வருஷத்துக்கு முன், ஊரடங்குக் காலம், இதே ஜூன். கோப்பி குடித்துக்கொண்டிருந்த அப்பா அப்படியே சாய்ந்தார். மறுநாள் மின்சுடலை. இத்தனை பேர்தான் வரலாம் என்று கட்டுப்பாடு. அந்தப் பெயர்களில் பு. பெயரையும் நானே சேர்த்தேன். சித்தி ஒருத்தியை விட்டுவிட்டுச் சேர்த்தேன். பு. அப்போது கோலாலம்பூரில் வேலையில் இருந்தாள். போலீஸ் அனுமதிக்குப் போகிறேன் என்று மெசேஜ் வந்தது. வந்துவிடுவாள் என்று அப்பாவை எடுக்கவிடாமல் நிறுத்திவைத்தேன். சித்தப்பா சத்தம் போட்டார். கடைசியில் எடுத்தாகிவிட்டது.

அவள் வரவில்லை. போன்கூட இல்லை. ஒரு வாரம் கழித்து "அம்மாவைப் பாத்துக்கோ" என்று ஒரு வரி. அன்றைக்கே அவள் நம்பரை முடக்கினேன். பிறகு போனையே மாற்றினேன்.

பேட்டிக்கு நாற்பது மதிப்பெண். அது கிடக்கட்டும். ஏன் வரவில்லை என்று அவள் முகத்துக்கு நேரே கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் எனக்கு.

பொய். அவள் திரும்ப வேண்டும் எனக்கு. அதுதான்.

ஜூன் 3, புதன்

காலையில் தூறல். பு.வுக்கு மின்னஞ்சல். எழுதி, அழித்து, எழுதி. கடைசியில் துறையிலிருந்து கொடுத்த மாதிரிக் கடிதத்தை அப்படியே ஒட்டி, கீழே என் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் மட்டும் போட்டேன். கோழை.

மதியத்துக்குள் பதில். "மதிப்பிற்குரிய செல்வி ரேவதி அவர்களுக்கு" என்கிற தோரணையில் ஆங்கிலம். அடுத்த செவ்வாய், காலை பத்து மணி, அடையாள அட்டை கொண்டு வரவும், காலணி மூடியதாக இருக்க வேண்டும். காலணி! என் செருப்பைப் போட்டுக்கொண்டு ஒரு செமஸ்டர் பூராவும் வகுப்புக்குப் போனவள்.

ஒருவேளை வேறு ரேவதி என்று நினைத்தாளோ? இல்லை. அந்த ஐசி எண்ணும் கொடுத்திருந்தேன். என் பிறந்த நாள் அதில்தான் இருக்கிறது.

ஆபீசில் தந்தையர் தினப் பதிவுக்கு ஒப்புதல் வந்துவிட்டது. அப்பாமார் படத்துக்குப் பதில் லோரி படம் போடச் சொல்கிறார் முதலாளி.

ஜூன் 5, வெள்ளி

மழை. ஃபெரியில் ஜன்னலெல்லாம் ஆவி.

வகுப்பில் இன்று: ஒரு நெருக்கடி வந்தால் யாருக்கு முதலில் சொல்வது, யாருக்கு அடுத்து. வட்டம் வட்டமாக வரையச் சொன்னார். நடுவில் பாதிக்கப்பட்டவர்கள், அடுத்து ஊழியர்கள், அடுத்து பத்திரிகை. எனக்கு மின்சுடலைக்குப் பெயர் எழுதிய நாள் ஞாபகம் வந்துவிட்டது. அன்று வட்டமும் இல்லை, ஒன்றும் இல்லை. மனசுதான் வரிசை போட்டது.

டாக்டர் ஜைத்தோனின் பாட்டு வழக்கம்போல்: "நீங்கள் அனுப்பியது செய்தி அல்ல. அவர்களிடம் போய்ச் சேர்ந்ததுதான் செய்தி." போன பருவத்திலிருந்து கேட்கிறேன். காதர் அதை மாமா கடைச் சுவரில் எழுதிப் போடப் போவதாகச் சொல்கிறான். "குழம்பு நாங்க ஊத்துனது இல்ல, உங்க தட்டுக்கு வந்து சேந்ததுதான்" என்று.

கேள்விகள் எட்டு. ஏழு நம் விருப்பம். எட்டாவது எல்லோருக்கும் ஒன்றே, மாற்றக் கூடாது:

"உங்கள் வாழ்க்கையில் தவறாக வந்து சேர்ந்த ஒரு செய்தியைப் பற்றிச் சொல்லுங்கள்."

காதரோடு ஒத்திகை. அவன் பு.வாக நடித்தான். கால்மேல் கால் போட்டு, "நான் ரொம்ப பிஸி லா, சீக்கிரம் கேளுங்க" என்றான். சிரித்துவிட்டேன். சிரித்தால் தோற்றேன்.

ஜூன் 6, சனி

காய்கறி வாங்கப் பாசாருக்கு என்று சொல்லிவிட்டு ஃபெரி ஏறினேன். அம்மாவுக்குத் தெரியும், பாசார் இந்தப் பக்கம்தான் இருக்கிறது என்று. 

அந்தச் சந்து. தையல் மெஷின் கடை இல்லை, போன் உறை விற்கிறார்கள். மேல்மாடி ஜன்னலில் யாரோ போர்வை காயப்போட்டிருந்தார்கள். இன்னும் யாரோ இருக்கிறார்கள் என்பதில் ஒரு சந்தோஷம். ஏறிப் பார்க்கவில்லை. படியில் கால் வைத்துவிட்டு எடுத்துவிட்டேன்.

எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு கறுப்பு கோட்டு இருந்தது. வகுப்பில் முன்னால் நின்று பேச வேண்டுமென்றால் கோட்டு கட்டாயம். முதலில் அவள் பேசுவாள். முடித்ததும் கழிவறைக்கு ஓடுவோம், கழற்றிக் கொடுப்பாள், நான் மாட்டிக்கொண்டு வந்து நிற்பேன். அக்குள் சூடு ஆறியிருக்காது. ஒருநாள் அவசரத்தில் அவள் பெயர் அட்டையோடு வந்துவிட்டேன். பேராசிரியர் என்னைப் பு. என்று கூப்பிட, நானும் "யெஸ்" என்று பேசிவிட்டு வந்தேன். அன்று நான் வாங்கிய மதிப்பெண் இன்றுவரை அவள் கணக்கில் இருக்கிறது. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. என்ன நாட்கள் அவை. பசி, ஒரே காற்றாடி, மூட்டைப்பூச்சி, என்றாலும் ஒரு குறையும் இருந்ததாக ஞாபகமில்லை.

வரும்போது காதர் மாமா கடையில் அம்மாவுக்கு மீன்தலைக்கறி கட்டிக்கொண்டேன். "பாசார்ல மீன் சமைச்சே குடுக்குறாங்களோ?" என்றாள் அம்மா.

ஜூன் 9, செவ்வாய்

வெயிலா மழையா, தெரியாது. கவனிக்கவில்லை.

தொழிற்சாலை வாசலில் காவலாளி என் காலைப் பார்த்தார். மூடிய காலணி. உள்ளே கண்ணாடி அறை. பு. வந்தாள். கை கொடுத்தாள். கை!

"பசியாறிட்டீங்களா?"

நீங்க. அவள் வாயிலிருந்து எனக்கு ஒரு "நீங்க". பசியாறிவிட்டேன் என்றேன். இல்லை. காலையிலிருந்து தண்ணீர் மட்டும்தான்.

போனில் ஒலிப்பதிவை ஓடவிட்டு நடுவில் வைத்தேன். ஏழு கேள்விகள். நன்றாகப் பேசுகிறாள். ஒரு "ம்ம்", ஒரு "அது வந்து" கிடையாது. பத்திரிகைக்காரர் ஒரு கேள்வியை மூன்று தரம் மாற்றிக் கேட்டாலும் மூன்று தரமும் அதே பதிலை வேறு சொற்களில் சொல்வது எப்படி என்று விளக்கினாள். உதறல் எல்லாம் எங்கே போனது? எனக்குப் பெருமையாக இருந்தது, அதனால் இன்னும் கோபம் வந்தது.

எட்டாவது கேள்வியைத் தாளைப் பார்த்து வாசித்தேன். தவறாக வந்து சேர்ந்த ஒரு செய்தி.

 பு. என்னைப் பார்க்காமல் போனைப் பார்த்துப் பேசினாள், அந்த நேரத்துக்கு நான் அங்கே இல்லாத மாதிரி.

"எனக்கு ரொம்ப வேண்டியவர் ஒருத்தர் தவறிட்டாரு. நான் கேஎல்-ல இருந்தேன். மாநிலம் தாண்ட போலீஸ் பெர்மிட் வேணும். விடியக்காலையே போலீஸ் பாலாயில போய் நின்னு வாங்கிட்டேன். பையெல்லாம் காடியில வெச்சிட்டு, அவரோட மகளுக்கு மெசேஜ் போட்டேன். பெர்மிட் கெடச்சிருச்சு, கெளம்பட்டுமா? ஒரே ஒரு சொல்லு பதில் வந்துச்சு. நந்தி."

மலாயில் நந்தி என்றால் அப்புறம். பொறு.

"ஆள் கணக்கு இருக்கும், சொந்தக்காரங்க முதல்ல போவணும், எடம் இருந்தா கூப்பிடுவாங்கன்னு நெனச்சேன். காடியிலேயே உக்காந்திருந்தேன். எஞ்சின் ஓடிக்கிட்டே இருந்துச்சு. மத்தியானம் அந்த மகளோட தம்பி ஸ்டேட்டஸ்ல படம் போட்டிருந்தாரு. எல்லாம் முடிஞ்சிருந்துச்சு."

நான் அப்படி அனுப்பவே இல்லை என்று கத்தப் போனேன். வாய் திறந்தது, நின்றுவிட்டது. எனக்குத் தெரிந்துவிட்டது.

அப்போதைய போன் ஆபீஸ் வேலைக்காக மலாய் எழுத்துத் திருத்தத்தில் கிடந்தது. ஆங்கில எழுத்தில் "நன்றி" என்று தட்டினால் அது தானாகவே "நந்தி" ஆக்கிவிடும். அன்று துக்கம் விசாரித்து வந்த அத்தனை மெசேஜுக்கும் கண் தெரியாமல் அதே ஒரு சொல்லைத்தான் தட்டிக்கொண்டிருந்தேன். நன்றி, நன்றி, நன்றி. மற்றவர்கள் பாவம் அழுதுகொண்டே தட்டியிருக்கிறாள் என்று விட்டிருப்பார்கள், அவர்களுக்கு அது எழுத்துப் பிழை. கேள்வி கேட்டவள் இவள் ஒருத்தி. இவளுக்கு மட்டும் அது பதில்.

"நன்றின்னு போட்டேன்டி," என்றேன். "வான்னு அர்த்தம். நன்றிடி, வான்னு."

நிமிர்ந்து பார்த்தாள். அவளும் இந்த ஊர்ப் பிள்ளைதானே, விளக்க வேண்டியிருக்கவில்லை. உதடு அசைந்தது. நன்றி, நந்தி என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

"ஒனக்காக அப்பாவ எடுக்க விடாம நிறுத்தி வெச்சிருந்தேன்டி."

"சும்மா சொல்லாத."

"சித்தப்பாவக் கேட்டுப் பாரு."

"ஏண்டி ஒரு போன் பண்ணல நீ?"

"நீ ஏண்டி பண்ணல?"

"அப்பா இல்லாத வீட்டுக்கு நான் யாருடி?" என்றாள். குரல் உடையவில்லை. தொழில் குரல் அப்படியே நின்றது, அதைப் பார்க்கத்தான் சகிக்கவில்லை. அதற்குள் கண்ணாடிக்கு வெளியே ஒருவர் அடுத்த கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று கையைக் காட்டினார். எழுந்தாள். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். போய்விட்டாள்.

ஒலிப்பதிவை நிறுத்த மறந்துவிட்டேன், ஃபெரி வரைக்கும் ஓடிக்கொண்டே இருந்தது.

ஜூன் 10, புதன்

அம்மாவிடம் சொன்னேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். பேட்டி, பெர்மிட், காடி, நந்தி, எல்லாம் சொன்னேன். முடிக்கும்வரை கத்தி நிற்கவில்லை.

"கோயில்லதான் நந்தி சாமிய மறச்சிக்கிட்டு நிக்கும். ஒங்களுக்குப் போன்லயே வந்து நின்னுச்சா?"

சிரிப்பு வரவில்லை எனக்கு.

"ரெண்டு பேரும் படிச்சது என்ன படிப்பு? ஊர்ல உள்ளவன்கிட்டயெல்லாம் எப்படிப் பேசணும்னு படிச்சீங்க. அஞ்சு வருசம்! ஒரு போனு. ஒருத்திக்குக்கூட வெரல் வேல செய்யலியா?"

 பிறகு வேறு குரலில், "அன்னிக்கு நீதான் நிறுத்தி வெச்சேன்னு எல்லாரும் ஒன்னயத் திட்டுனாங்க. நானும் வாசலத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்" என்றாள். இது எனக்குத் தெரியாது. ஐந்து வருஷமாக அந்தப் பெயரையே அம்மா எடுத்ததில்லை. கோபம் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் படையல். பு.வைக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். "எனக்கு என்ன தெரியும்" என்று வெங்காயத்தை எண்ணெயில் போட்டாள்.

ஜூன் 11, வியாழன்

மெசேஜ் போடவில்லை. அவள் மின்னஞ்சலின் அடியில் இருந்த நம்பருக்குப் போன் செய்தேன். மணி அடித்து நின்றது. மறுபடி. மூன்றாவது தரம் எடுத்தாள்.

"ஞாயித்துக்கெழம படையல். வா."

அந்தப் பக்கம் பின்னால் அச்சு இயந்திரச் சத்தம்.

"அம்மா?"

"தெரியல. ஒண்ணும் சொல்லல."

"அப்ப வேணாம் ரேவ். அவங்களுக்குச் சங்கடம்." வைத்துவிட்டாள்.

ரேவ் என்றாள். அதைப் பிடித்துக்கொண்டு மீதி நாளை ஓட்டினேன். வருவாள். வரமாட்டாள். லோரி அட்டவணையில் தவறான ஊரைப் போட்டு, தாசேக் கெலுகோர் சாமான் வேறெங்கோ போயிற்று.

ஜூன் 12, வெள்ளி

பேட்டியைத் தட்டச்சு செய்து கொடுத்தேன். எட்டாவது கேள்விக்குக் கீழே: "பதில் பெறப்படவில்லை." டாக்டர் ஜைத்தோன் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். இதற்கு மதிப்பெண் குறையும் என்றார். தெரியும் என்றேன். ஏதோ கேட்க வந்து, கேட்காமல் தாளைத் திருப்பிவிட்டார். நல்ல மனுஷி.

காதருக்கு மட்டும் விஷயத்தைச் சொன்னேன். வாயில் வைத்த கறிபஃப்போடு உறைந்துவிட்டான். "அக்கா, என் போன்லயும் அதே நந்திதான் லா. எத்தன பேர் இன்னும் காத்துக்கிட்டு இருக்காங்களோ!"

ஜூன் 13, சனி

வாங்கியவை: வாழை இலை, கோழி, நெத்திலி, வெற்றிலை, சூடம், ஸ்டவுட் பீர் ஒரு போத்தல் (அப்பாவுக்கு). ஸ்டவுட்டைப் பையின் அடியில் மறைத்துக் கொண்டுவந்தேன், யாரிடமிருந்து என்று தெரியவில்லை.

அம்மா இலையை எண்ணிப் பார்த்தாள். "இன்னொண்ணு வாங்கிட்டு வா" என்றாள். அவ்வளவுதான். மறுபடி ஓடினேன்.

பு.வுக்குப் போன் செய்து, "அம்மா ஒரு எல கூட வாங்கச் சொன்னாங்க" என்றேன்.  

ஜூன் 14, ஞாயிறு

மேகமூட்டம். காற்றே இல்லை. விடிந்ததிலிருந்து அடுப்படி. தம்பி ஜொகூரிலிருந்து வர முடியாது, வீடியோவில் கும்பிட்டான்.

பு. வந்தாள். வெளிர் நீலப் புடவை, கையில் ஆரஞ்சுப் பழப் பை. வாசலில் நின்று "வணக்கம்மா" என்றாள், கூட்டத்துக்கு வந்தவள் மாதிரி. அம்மா, "செருப்ப உள்ள தள்ளி விடு, நாய் தூக்கிட்டுப் போயிடும்" என்றாள். ஐந்து வருஷத்துக்குப் பிறகு முதல் பேச்சு அது.

நன்றாகத்தான் இருந்தாள். தேங்காய் துருவினாள். எனக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பது பற்றி அம்மா சொன்னதற்கெல்லாம் தலையாட்டினாள். அவளுக்கும் ஆகவில்லை, அதை யாரும் கேட்கவில்லை. அப்பாவின் படத்தை மட்டும் பார்க்கவே இல்லை. நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். கண் அந்தச் சுவருக்குப் போகும், பாதியில் திரும்பிவிடும்.

இலை போட்டோம். சோறு, கோழிப் பிரட்டல், நெத்திலிச் சம்பல். ஸ்டவுட்டை ஒரு கிளாசில் ஊற்றினாள் அம்மா. சூடம் ஏற்றி முதலில் அவள் காட்டினாள். அடுத்து நான். அம்மா தட்டை வாங்கி வைக்கப் போனாள், வைக்கவில்லை. பு. பக்கம் நீட்டினாள்.

"இல்லம்மா, நான் எப்படி…"

"புள்ளைங்க எல்லாரும் காட்டணும்."

வாங்கினாள். படத்தை நிமிர்ந்து பார்த்தாள். தட்டு ஆடியது, நான் பிடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அவள் போட்ட சத்தம். அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை, அப்பா போன அன்றுகூட. "அப்பா, அப்பா" என்று தரையில் உட்கார்ந்து, புடவை விலகியது தெரியாமல், தலையைச் சுவரில் முட்டி, இப்போதுதான் யாரோ வந்து சொன்ன மாதிரி. நான் தூக்கப் போனேன். அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அழட்டும் விடு. நாம அழுதாச்சு. அவளுக்கு இன்னிக்குத்தான்."

பிறகு அம்மாவே கீழே உட்கார்ந்து அவள் தலையை மடியில் இழுத்துக்கொண்டாள். சோறு ஆறிப்போனது. யாருக்கும் இலையைப் பற்றி நினைப்பில்லை.

பக்கத்து வீட்டுக்குப் போன மாதம் குடிவந்த மலாய்க்கார அம்மா, கையில் மாவோடு வேலிக்கு ஓடி வந்து எட்டிப் பார்த்தார். யார் இறந்துவிட்டார்கள் என்று பதறிப்போய்க் கேட்டார்.

"சுவாமி சாயா," என்றாள் அம்மா மலாயில். என் வீட்டுக்காரர்.